கோணலாக இருக்க வேண்டிய வண்டி

ஜூன் 20, 2024, வியாழன். கேன்டன், மிச்சிகன்

மகள் வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. பேரன் கோடை முகாமுக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் நானும் ஏசியின் உறுமலும்தான். வெளியே 94 பாரன்ஹீட். இதைச் சேலத்துக்காரனான என்னிடம் வெயில் என்று எச்சரிக்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே வெயில்தான், நிழல் தரும் திண்ணை ஒன்றும் இல்லாத வெயில்.

"மாமா, அடுத்த தெருவில் ஒரு பெரியவர் பழைய ரேஸ் கார் வைத்திருக்கிறார். சனிக்கிழமை ஓஹியோவில் ஓட்டப்போகிறாராம். துணைக்கு நான் போகிறேன், வருகிறீர்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். முப்பத்தோரு ஆண்டுகள் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் கிரீஸோடு வாழ்ந்தவனிடம் இதைக் கேட்கவே வேண்டியதில்லை. மாலையிலேயே போய்ப் பார்த்துவிட்டோம்.

வண்டி 1964ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபேர்லேன் தண்டர்போல்ட். கால் மைல் நேர்ச்சாலையில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் டிராக் ரேஸுக்காகச் செய்தது. வெள்ளை நிறம், இரண்டு கதவு, பார்வைக்கு ஒரு குமாஸ்தாவின் கார். ஆனால் முகப்பில் நான்கு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. உள்பக்கத்து இரண்டு வட்டங்களிலும் கம்பி வலை. அதன் வழியாகத்தான் இன்ஜின் மூச்சு வாங்குகிறது. வலைக்குப் பின்னால் இரண்டு தடித்த குழாய்கள் கார்புரேட்டர் வரை போகின்றன. பானட்டில் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு புடைப்பு, இன்ஜின் உள்ளே அடங்காததால்.

நான் வழக்கம்போல மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. வலப்பக்கம் நகம்கூடப் போகவில்லை. சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தால் மட்கார்டின் மேல் அலை அலையாக மேடுபள்ளம். இத்தனை ஆண்டு பாடுபட்டுப் புதுப்பித்த வண்டியில் இப்படியா என்று மனது கேட்கவில்லை. "ஷிம் என்கிற மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் வைத்தால் அரை மணியில் சரிசெய்துவிடலாம்" என்று சொன்னேன். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

பெரியவர் கோபப்படவில்லை. வாயெல்லாம் சிரிப்பாகப் போய் டாஷ்போர்டின் சின்ன அறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தகடு. போட்டிக்கென்று எடை குறைத்துச் செய்த வண்டி இது. அதனால் வெளிப்பாகங்களின் பொருத்தமும் மேற்பூச்சும் எங்கள் வழக்கமான தரத்தில் இருக்காது என்று ஃபோர்டு கம்பெனியே எழுதி ஒட்டியிருக்கிறது! நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு தகடு அடிக்க அனுமதி இருந்திருந்தால் எத்தனை மெமோ மிச்சமாகியிருக்கும்.

மொத்தம் நூறு வண்டிதான் செய்தார்களாம். ஃபேர்லேன் நடுத்தரக் கார். அதற்குள் 427 கன அங்குல இன்ஜினைத் திணிக்கும் வேலையை டியர்போர்ன் ஸ்டீல் டியூபிங் என்ற பட்டறையிடம் ஒப்படைத்தார்கள். முதல் பதினொன்று கருஞ்சிவப்பு, மீதி எல்லாம் வெள்ளை. மட்கார்டும் பானட்டும் கண்ணாடியிழை. ரேடியோ கிடையாது, ஹீட்டர் கிடையாது, வெயில் மறைப்பு கிடையாது, வலப்பக்க வைப்பர் கிடையாது. ஜாக்கியும் ஸ்டெப்னியும்கூடக் கொடுக்கவில்லை. எடை குறைக்க இத்தனையும் செய்துவிட்டு டிக்கியில் லாரிக்குப் போடுகிற பெரிய பேட்டரியை வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது: கிளட்சை விட்ட நொடியில் இன்ஜின் முறுக்குவதில் பின்பக்க வலது சக்கரம் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். பேட்டரி சரியாக அந்தச் சக்கரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

நான் கழற்றிப் பூட்டிய லேலண்ட் 370 இன்ஜினிலும் அந்த எண் கன அங்குலக் கணக்குதான். ஆறு லிட்டர் சொச்சம். அறுபது பேரையும் மேலே ரெண்டு மூட்டை வாழைக்காயையும் ஏற்காட்டுக்கு ஏற்றும். அதைவிட ஒரு லிட்டர் பெரிய இன்ஜினை வைத்து ஒரே ஓர் ஆளைக் கால் மைல் தூரம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். விளையாட்டு என்றால் அப்படித்தான் போலும்.

பெரியவரின் மனைவி ருபார்ப் என்ற தண்டை வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்பைக் கொடுத்தார். புளிச்சகீரைத் தண்டைச் சர்க்கரைப் பாகில் போட்டது போல. இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 21, வெள்ளி. சாண்டஸ்கி, ஓஹியோ

காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். முன்னால் பிக்கப், பின்னால் மூடிய டிரெய்லர், அதற்குள் கார். கிளம்புமுன் பழக்கதோஷத்தில் டிரெய்லர் டயர்களைச் சுற்றிவந்தேன். தேய்மானம் இல்லை, பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 2315. அதாவது 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஒன்பது வயது டயர். நேற்றுத்தான் அவருடைய வண்டியில் குறை சொல்லி மூக்கறுபட்டோம், இன்றும் வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டேன். விருந்தாளி மரியாதை. அது எவ்வளவு மடத்தனம் என்று டொலிடோ தாண்டிய பிறகு தெரிந்தது.

75ஆம் எண் சாலையில் தெற்கே போகும்போது வலப்பக்கம் கைகாட்டி, "இங்கேதான் டெட்ராய்ட் டிராக்வே இருந்தது, சிப்லி சாலையும் டிக்ஸ் சாலையும் சேரும் இடம்" என்றார் பெரியவர். 1959, 1960 இரண்டு ஆண்டும் டிராக் ரேஸ் தேசியப் போட்டி இங்கேதான் நடந்திருக்கிறது. அதன்பிறகுதான் இண்டியானாபொலிஸுக்குப் போனது. பையனாக வேலி இடுக்கில் நின்று பார்த்தாராம். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. அவர் மட்டும் கடந்துபோகும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டியை ஓட்டுகிறவர் அவர் என்பதுதான் எனக்குக் கவலை.

டிரெய்லர் டயர் பதினொன்றரைக்கு வெடித்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், பிறகு ரப்பர் நார் தகரத்தில் அடிக்கும் சத்தம். ஓரம் கட்டினோம். லாரிகள் போகிற வேகத்தில் டிரெய்லரே ஆடுகிறது, தார் கொதிக்கிறது. இந்த வண்டிக்கு ஸ்டெப்னி இருந்தது, ஆனால் நட்டு துருப்பிடித்து அசையவில்லை. நான் நெம்புகோல்மேல் ஏறி நின்றேன். மகள் பார்த்திருந்தால் அன்றே விமான டிக்கெட் போட்டிருப்பாள்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. முழங்கை வரை பச்சை குத்திய இளைஞர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேட்டரியில் ஓடும் நட்டுத் துப்பாக்கியோடு இறங்கினார், ஐந்து நட்டையும் கழற்றினார், மாற்றினார். பத்து நிமிடம். பெரியவர் நீட்டிய இருபது டாலரைத் தள்ளிவிட்டார். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். பக்கக் கதவைத் திறந்து காட்டியதும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் இப்படிக் கை கட்டி நிற்பது கர்ப்பக்கிரக வாசலில்தான்.

மாற்றிய டயரின் எண்ணையும் பார்த்தேன். அதுவும் 2315. இந்த முறை சொல்லிவிட்டேன். அடுத்த ஊரிலேயே நான்கையும் மாற்றினார்; பில் எவ்வளவு என்று எங்களுக்குக் காட்டவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் ஈரி ஏரியோரம் பெர்ச் மீன் வறுவல். 16 டாலர். உள்ளங்கை அளவுத் துண்டுகள், முள்ளே இல்லை, மாவு மெல்லிசு. கூடக் கொடுத்த முட்டைக்கோஸ் சாலட் இனித்தது, அதை மன்னித்துவிட்டேன். மகள் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை மாலையில் விடுதி அறையில் சாப்பிட்டோம். பெரியவர் எலுமிச்சை ஊறுகாயை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதிலேயே பேட்டரி ஓடும் என்றார்.

விடுதி வரவேற்பில் ஒரு குஜராத்தி அம்மா. என்னைப் பார்த்ததும் இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது, கணக்கில் ஏறவில்லை. "இரவு வெளி விளக்கைப் போடாதீர்கள்" என்று எச்சரித்தார். ஏன் என்று எட்டரைக்குப் பிறகு தெரிந்தது. ஏரியிலிருந்து மேஃப்ளை என்ற பூச்சி கிளம்புகிறது. நம் ஊர் ஈசல் ஒரு மழைக்கு ஒரு வீட்டுக்கு வரும். இது ஊரையே போர்த்துகிறது. சுவர், கார், பெட்ரோல் பங்க் தூண் எல்லாம் றெக்கையாக அசைகின்றன. றெக்கை முளைத்த பிறகு இதற்கு ஒன்றிரண்டு நாள் வாழ்வுதான். காலையில் மண்வெட்டியால் அள்ளுகிறார்கள். டயர் ஏறினால் பொரி நசுங்கும் சத்தம், காற்றில் மீன் வாடை. வறுத்துத் தின்னலாமா என்று கேட்டேன். மாப்பிள்ளை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

ஜூன் 22, சனி. நார்வாக்

ரேஸ் நடக்கும் இடத்தில் வண்டியை இறக்கிவிட்டு டிரெய்லர் நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர் முழுக் கதையையும் சொன்னார்.

1978இல் வாங்கியிருக்கிறார். டியர்போர்ன் ஊரில் ஓர் ஆலையில், பாகங்களை வடிக்கும் அச்சு செய்யும் தொழிலாளியாக இருந்த காலம். இன்ஜின் இல்லாத வெறும் கூடு. பழைய பிக்கப் ஒன்றின் விலையைவிடக் குறைவு. புதிதாக விற்றபோதே 4,000 டாலருக்குள்தான். இந்த வண்டி பெரிய பேர் எடுத்ததும் இல்லை. 1964இல் தண்டர்போல்ட்டில் பட்டம் வென்ற கேஸ் ரோண்டாவின் வண்டியைப் போல இதற்குப் புகைப்படங்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் டிராக்குகளில் ஓடி, மூன்று பேர் கைமாறி, கடைசியில் கோழிக் கொட்டகையில் நின்றது.

பதினோரு ஆண்டு கழித்து, 1989இல், புதுப்பித்து முடித்தார். அழகாகவே செய்தார். கண்ணாடியிழை மேடுபள்ளத்தையெல்லாம் பட்டி பார்த்து, தேய்த்து, முகம் தெரிகிற பெயிண்ட். இடைவெளியெல்லாம் ஒரே அளவு. கண்காட்சிகளில் கோப்பை கோப்பையாகக் கொடுத்தார்கள். நான்கைந்து ஆண்டு கழித்து ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அந்தத் தகட்டைப் படித்திருக்கிறார். தன்னிடம் இருப்பது 1964இல் டியர்போர்னில் செய்த வண்டியே இல்லை என்று பட்டுவிட்டது. அப்படி ஒரு வண்டியை அந்தப் பட்டறை செய்யவே இல்லை.

பெயிண்டை முழுக்க உரித்தார். கைபடாத மற்ற தண்டர்போல்ட்கள் சிலவற்றைத் தேடிப்போய் அளவெடுத்தார். மெல்லிசாக, அவசரத்தில் அடித்த மாதிரி பெயிண்ட் அடிக்க நல்ல பெயிண்டர்கள் மறுத்திருக்கிறார்கள். தங்கள் பேர் கெடும் என்று. அவரே அடித்தார். கோணலை மூன்று தடவை திருத்தி, சரியான கோணல் வரும்வரை விடவில்லை. அதன்பிறகு போன கண்காட்சியில் ஒரு நடுவர் "பொருத்தம் மோசம்" என்று மதிப்பெண் குறைத்தாராம். அவருக்கும் அந்தத் தகட்டைத் திறந்து காட்டினேன் என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது. கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று மணல் அடித்துக் கல்வெட்டின் எழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். தூண் இப்போது பளிச்சென்று இருக்கிறது.

"அப்படியானால் ரேஸ் ஓடிய அடையாளம் எதுவுமே மிஞ்சவில்லையா?" என்று கேட்டேன். ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். டாஷ்போர்டின் மேல்பக்கம் மூன்று ஜோடித் திருகு ஓட்டைகள். ஒரு ஜோடி ஸ்டியரிங்குக்கு நேரே, ஒன்று இடது ஓரம், ஒன்று கண்ணாடித் தூணை ஒட்டி மேலே. இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரை அந்த மூன்று பேரும் அவரவர் கண்ணுக்குத் தோதான இடத்தில் திருகியிருக்கிறார்கள். இரண்டாம் ஆள் குள்ளமாக இருந்திருக்க வேண்டும் என்றார். ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்தேன். ஒன்று சுத்தமாகத் துளைத்தது. மற்றொன்று துளைக்கருவி வழுக்கி, பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, பிறகு உள்ளே போயிருந்தது. அவசரம், அல்லது குடி. உரித்து அடித்தபோது அந்தக் கோட்டை மட்டும் காகிதம் ஒட்டிக் காப்பாற்றினாராம்.

மூன்று மணிக்கு முறை வந்தது. அதுவரை இன்ஜின் ஓடிக் கேட்டதில்லை. சாவியைத் திருப்பியதும் முதலில் வயிற்றில் கேட்டது, பிறகுதான் காதில். நின்ற இடத்திலேயே குலுங்கியது. கேலன் மூன்றரை டாலர் பெட்ரோல் இதற்கு ஆகாது. பத்து டாலருக்கு மேல் விலையுள்ள பந்தய எரிபொருள், வார்னிஷும் வெல்லமும் கலந்த மாதிரி வாடை. பெரியவருக்கு 79 வயது. ஹெல்மெட்டை மாட்டியதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

தண்ணீரில் சக்கரத்தைச் சுழற்றிப் புகை விட்டார். கோட்டுக்கு வந்தார். மஞ்சள் விளக்குகள் இறங்கின, பச்சை. முன்பக்கம் எழுந்தது, வெள்ளைப் பின்பக்கம் அமுங்கியது, நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது. 12.87 வினாடி, மணிக்கு 108 மைல். இந்த வகை வண்டிகள் அந்தக் காலத்தில் பன்னிரண்டுக்குள் ஓடியவை. "கடைசியில் காலை எடுத்துவிட்டேன்" என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாம் முறைக்கு வரிசையில் நின்றபோது மழை. ஈரத் தரையில் இந்த வழவழப்பு டயர்கள் நிற்காது. எல்லாரையும் திரும்பச் சொல்லிவிட்டார்கள். "ஏறுங்கள்" என்று எனக்குக் கதவைத் திறந்தார். டிரெய்லர் வரை ஒரு இருநூறு மீட்டர் நடை வேகத்தில் போனோம். வலப்பக்கம் வைப்பர் கிடையாது என்று வியாழக்கிழமை வாயால் கேட்டது. இன்று கண்ணால் பார்த்தேன், அதாவது எதையுமே பார்க்கவில்லை. அவர் பக்கம் வைப்பர் விசிறிக்கொண்டிருந்தது. என் முன்னால் முழுச் சுவராகத் தண்ணீர். ஏழு லிட்டர் இன்ஜின் காலடியில் குதிக்கிறது, கம்பளம் இல்லாத தரை வழியே பாதம் சுடுகிறது, எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. 1964இல் முன்சீட்டில் யாரும் உட்காருவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கவே இல்லை.

மழை நின்றதும் ஐஸ்கிரீம். இந்த டிராக்கின் பெருமையே இதுதான்: ஒரு பவுண்டு ஐஸ்கிரீம் ஒரு டாலர். கிட்டத்தட்ட 450 கிராம். தண்ணீர் பாட்டிலைவிட மலிவு. மூன்று கிழவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்று, சர்க்கரை அளவு பற்றி ஒருவர் மனைவியிடம் ஒருவர் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நியாயமாகவே பட்டது.

ஜூன் 23, ஞாயிறு. திரும்பும் வழி

வழியில் மைலன் என்ற ஊர். 1847இல் எடிசன் பிறந்த வீடு இங்கே இருக்கிறது. நாங்கள் போனது காலை எட்டு மணிக்கு. யார் திறந்து வைத்திருப்பார்கள்? சிவப்புச் செங்கல் வீட்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு அருகில் காபி குடித்தோம். காபி சரியில்லை.

சாலை வேலைக்காகப் பெயர்த்துப் போட்டிருந்த இடத்தில் பதினைந்து மைல் குலுங்கிக்கொண்டே வந்தோம். புது டயர்கள் பேசாமல் வந்தன.

மாலை நான்கு மணிக்குக் காரை இறக்கினோம். பெரியவர் சுற்றிவந்து துடைத்தார். இடப்பக்க மட்கார்டு அருகே வந்ததும் துணி நின்றுவிட்டது. குனிந்தார். விரலை வைத்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டார்.

போல்ட் தளர்ந்து, வந்த குலுக்கலில் மட்கார்டு பின்னால் நகர்ந்திருக்கிறது. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். சுண்டுவிரல் போன இடத்தில் இப்போது ஒரு ரூபாய் நாணயம்தான் போகும். பணிமனையில் இப்படி ஒரு பொருத்தத்துக்கு டிங்கர்கள் அரை நாள் எடுப்பார்கள்.

"கெட்டுப்போய்விட்டது" என்றார் பெரியவர்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மட்கார்டுக்கு அடியில் படுத்தேன். மேலே அவர் பிடித்துக்கொண்டார், கீழே நான் இரண்டு போல்ட்டைத் தளர்த்தினேன். "கொஞ்சம் முன்னால்" என்பார். மாப்பிள்ளை சொல்வதற்குள் எனக்கே புரிந்துவிடும். இழுத்தேன். பத்தாது என்றார். மேல் போல்ட்டுக்கு அடியில் ஒரு ஷிம் கொடுத்தார், அதுவும் அவரே வெட்டி வைத்திருந்த பழைய தகடு. இறுக்கினேன். எழுந்து வந்து சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். மேலே தாராளமாகப் போனது, கீழே கொஞ்சம் இறுக்கம். அவரும் தன் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஒரு நூல்" என்றார்.

மறுபடியும் படுத்தேன். மணி ஒன்பது ஆகியும் வெளியே வெளிச்சம் இருந்தது.